மூணு பேரும் வருவோம்

இரண்டாம் வகுப்பு அறையில்தான் பெற்றோர் குழு கூடும். அங்கே பெரியவர்கள் உட்கார எதுவும் கிடையாது. பிள்ளைகளின் குட்டை பெஞ்சுகளில் முழங்கால் தாடையை இடிக்க, கைப்பை மடியிலிருந்து வழுக்க, எல்லோரும் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்து மாட்டிக்கொண்டவர்கள் மாதிரி இருப்பார்கள். அதில் சிரமமில்லாமல் உட்காரத் தெரிந்தவள் பேக்கரிக்காரி ஒருத்திதான். அடுப்பின் கீழ்த்தட்டுக்குக் குனிந்தும் குந்தியும் பழகிய உடம்பு. கூட்டம் எவ்வளவு நீண்டாலும் அசையமாட்டாள். வாய் மட்டும் அசையும்.

அந்த ஆரம்பப் பள்ளி டயர் கிடங்குக்கும் பஸ் பணிமனைக்கும் நடுவில் இருந்தது. காற்று ஒரு பக்கமிருந்து அடித்தால் ரப்பர் நாற்றம், மறுபக்கமிருந்து அடித்தால் டீசல். பணிமனை ஆட்கள், கிடங்கு ஆட்கள், கடைத்தெருவில் நின்று வேலை பார்ப்பவர்கள், இவர்களின் பிள்ளைகள்தான் பெரும்பாலும் படித்தார்கள். பின்னால் புதுக் குடியிருப்பு வந்ததும் டாக்டர் வீட்டுப் பிள்ளை, பேங்க்காரர் வீட்டுப் பிள்ளை என்று சிலர் சேர்ந்தார்கள். மேலிடத்துக்கு எழுதிப்போட்டுக் காத்திருந்தால் ஒன்றும் நடக்காது என்று தெரிந்ததிலிருந்து பெற்றோர்களே வருஷா வருஷம் குடும்ப விழா நடத்தி, கடை போட்டு, விளையாட்டு வைத்து, கிடைப்பதைப் பள்ளிக்குக் கொடுத்தார்கள். போன வருஷம் அதில்தான் குழாய் வந்தது. இந்த வருஷம் சாப்பாட்டுக் கூடத்தின் கூரை. மழை பெய்தால் பிள்ளைகள் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒழுகாத மூலை தேடி ஓடுவதைப் பார்க்கச் சகிக்காது.

சாப்பாட்டுக் கடை பேக்கரிக்காரியின் பொறுப்பு. அதை யாரும் அவளுக்குக் கொடுக்கவில்லை. மகளை முதல் வகுப்பில் சேர்த்த வருஷம் யாரோ வாங்கிவந்த காய்ந்த பிஸ்கட்டைப் பார்த்துவிட்டு, "இதைத் தின்னவா பிள்ளைங்க வரும்?" என்று கேட்டாள். அடுத்த வருஷத்திலிருந்து அவளே செய்தாள்.

அன்றைய கூட்டத்தில் மேஜை யார், பந்தல் துணி யார், காகிதத் தோரணம் யார் என்று பிரித்துக்கொண்டு எல்லோரும் எழுந்தபோது, குழுவின் தலைவியான பல் டாக்டரம்மா, "அக்கா, நீங்க ஒரு நிமிஷம் இருங்க" என்றாள்.

எல்லோரும் போனபிறகும் டாக்டரம்மா வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க."

"நீங்க இன்னும் ஒண்ணும் குடுக்கவே இல்லையே. குடுங்க, எப்படி எடுத்துக்கறதுன்னு அப்புறம் பாக்கலாம்."

"உங்க வீட்டுக்காரர் வந்துட்டார்னு கேள்விப்பட்டேன். சந்தோஷம்."

"சந்தோஷம் முகத்துல தெரியலையே டாக்டரம்மா."

டாக்டரம்மாவுக்கு முகம் சிவந்தது. கெட்ட பெண்ணில்லை அவள். பல்லைப் பிடுங்குவதற்கு முன்னால் மரத்துப்போக ஊசி போட்டே பழகியவள், ஊசி இல்லாமல் சொல்ல வேண்டிய விஷயத்தில் தடுமாறினாள்.

"விழாவுக்கு அவர் வந்தா சில பேருக்குச் சங்கடமா இருக்குமாம். சொல்லச் சொன்னாங்க. நிறைய பேர் பையை அங்கங்க வச்சிட்டுப் பிள்ளைங்களோட விளையாடப் போவாங்க. அப்புறம் நாம வசூல் வேற பண்றோம். ஒண்ணும் ஆகாதுன்னு எனக்குத் தெரியும். ஆனா ஒண்ணு காணாம போச்சுன்னா எல்லாரும் அவரைத்தானே பாப்பாங்க? அவருக்கும் கஷ்டம்தானே?"

"யாரு சொன்னது?"

"பேர் எதுக்கு அக்கா."

பேக்கரிக்காரி பேசாமல் இருந்தாள். அவள் பேசாமலிருந்து அந்தப் பள்ளிக்கூடம் பார்த்ததில்லை.

"ஆக, நான் பிசைஞ்ச மாவு வேணும். நான் பிசையற வீட்டுல இருக்கிற ஆள் வேணாம்."

"அப்படி இல்ல அக்கா..."

"போர்டுல என்ன எழுதியிருக்கு?"

டாக்டரம்மா திரும்பிப் பார்த்தாள். கலர் சாக்பீஸில் பூ வரைந்து அவளே எழுதியதுதான். "குடும்ப விழா."

"எங்க குடும்பத்துல மூணு பேர். மூணு பேரும் வருவோம்."

"அவசரப்படாம யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுட்டேன். உங்க முன்னாடிதானே யோசிச்சேன், பாத்துக்கிட்டுதானே இருந்தீங்க?"

நிமிர்ந்த தலையோடு கேட்டைத் தாண்டினாள். பஸ் பணிமனை ஓரமாக வந்ததும் சுவரில் கையூன்றி நின்றாள். அவளுக்கே சிரிப்பு வந்தது. புருஷனை விழாவுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று அந்த நிமிஷம் வரை அவள் நினைத்தே பார்க்கவில்லை. அவன் வரக்கூடாது என்று இன்னொருத்தி சொன்னபோதுதான், அவன் வந்தே ஆக வேண்டும் என்று ஆகிப்போனது.

சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை அவர்கள் வீடு. அவள் புருஷன், வயர்மேன், அங்கேதான் இருந்தான், வந்த நாளிலிருந்து. படி இறங்குவதில்லை. வீட்டில் மின்சாரம் ஓடுகிற எல்லாவற்றையும் கழற்றிக் கழற்றி மாட்டினான். கடகடத்த மின்விசிறி சத்தமில்லாமல் சுற்றியது. தட்டினால் மட்டும் எரிகிற குழல்விளக்கு பட்டென்று எரிந்தது. ரிப்பேர் ஆகாத இஸ்திரிப் பெட்டியையும் பிரித்து வைத்திருந்தான். "அது நல்லாத்தானே இருந்துச்சு?" என்று மகள் கேட்டதற்கு, "இன்னும் நல்லாப் பண்றேன்" என்றான்.

அவன் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத்தில் வயரிங் வேலை பார்த்தவன். மாற்றிப்போட்ட பழைய கேபிளிலிருந்து செம்பை உருவி, சாப்பாட்டு டப்பாவில் சுருட்டி வைத்து வெளியே கொண்டுவந்து விற்றான். பழையதிலிருந்து புதுசுக்குத் தாவினான். பிடிபட்டபோது, "எல்லாரும்தான் எடுத்தாங்க" என்றான். அதைக் கேட்டுத்தான் அவளுக்கு உடம்பு எரிந்தது. போலீஸ் வீட்டுக்கு வந்த அன்று, மகளுக்கு அவன் வாங்கிக் கொடுத்திருந்த சின்ன சைக்கிளையும், புதுச் சுவர்க் கடிகாரத்தையும் அவளே இறக்கிவந்து, "இதுவும் அந்தக் காசுதான், எடுத்துட்டுப் போங்க" என்றாள். அவர்கள் வேண்டாம் என்றார்கள். அவள் விடவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஸ்டேஷன் வரை போய் வாசலில் நிறுத்திவிட்டு வந்தாள்.

அன்றிலிருந்து "வாங்க, போங்க" போய் "வா, போ" வந்துவிட்டது. அலமாரிச் சாவி அவள் இடுப்பில் ஏறியது. சிறைக்குப் பார்க்கப் போகும்போதெல்லாம் ரொட்டி கொண்டு போவாள், கொடுப்பாள், திட்டுவாள், வருவாள். மகளிடம் எதையும் மறைக்கவில்லை. மூன்றாம் வகுப்பில் "உங்கப்பா எங்கே?" என்று எவனோ சீண்டியபோது, அவள் பெற்றது, "ஜெயில்ல. கம்பி திருடிட்டாரு. உங்கப்பா எங்கே?" என்று திருப்பிக் கேட்டது. அதற்கு மேல் சீண்ட யாருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.

அன்று மாலை முந்தின நாள் ரொட்டியைச் சூப்பில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தபோது அவள் ஆரம்பித்தாள்.

"ஞாயித்துக்கிழமை ஸ்கூல் விழா. சட்டை தேய்ச்சு வச்சுக்கோ. இஸ்திரிப் பெட்டிய முதல்ல மாட்டு."

"நான் எதுக்கு?"

"நீ அவளுக்கு அப்பன்தானே? இல்ல, அதையும் யாருகிட்டயாவது வித்துட்டியா?"

அவன் கரண்டியை வைத்தான். "யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"வரக்கூடாதுன்னு சொன்னாங்க."

"சரியாத்தானே சொல்லியிருக்காங்க. நான் வரல."

"அதைச் சொல்ல நீ யாரு?"

"என்னைப் பத்தித்தானே பேச்சு!"

"உன்னைப் பத்தி இல்ல. என் குடும்பத்துல யாரு யாருன்னு வேற ஒருத்தங்க எண்ணிச் சொல்றதைப் பத்தி. உன்னை நான் வீட்டை விட்டுத் துரத்தலாம். அது எனக்கும் உனக்கும் உள்ள வழக்கு. அவங்க துரத்த முடியாது."

"எனக்கு வெக்கமா இருக்கும்மா."

"நல்லது. இருக்கணும். ஆனா இங்க இஸ்திரிப் பெட்டி முன்னாடி உக்காந்து வெக்கப்பட்டா யாருக்குப் பிரயோஜனம்? அங்க வந்து வெக்கப்படு. வர்றப்ப மேஜையத் தூக்கிட்டு வா, கை சும்மாதானே இருக்கும்."

"நீயே என்னை நம்பல. அலமாரிச் சாவி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பேக்கரிக்காரி இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"நம்பலதான். நம்பறதுக்குக் கூப்பிடல. வர்றதுக்குக் கூப்பிடறேன்."

அடுத்த நாள் மதியம், பேக்கரியில் கூட்டம் குறைந்திருந்த நேரத்தில் ஒரு பெண் வந்து கண்ணாடி அலமாரிக்கு முன்னால் நின்றாள். ரொட்டியையும் பார்க்கவில்லை, கேக்கையும் பார்க்கவில்லை. தெரிந்த முகம்தான். நான்காம் வகுப்பில் அவள் பையன் படித்தான். விழாவுக்குத் தண்ணீர் ட்ரம் ஏற்பாடு எப்போதும் அவள்தான்.

"உங்ககிட்ட தனியா பேசணும்."

"இங்க நானும் அடுப்பும்தான். அது யாருகிட்டயும் சொல்லாது."

"டாக்டரம்மாகிட்ட சொன்னது நான்தான்."

பேக்கரிக்காரி மாவுக் கையை முன்துணியில் துடைத்தாள். நாக்கு நுனியில் வந்ததை அந்தப் பெண்ணின் கண்ணைப் பார்த்து நிறுத்தினாள். அது பெரிய இடத்துப் பொம்பளையின் கண் இல்லை. இரண்டு மூன்று நாளாகத் தூங்காத கண்.

"என் வீட்டுக்காரர் அந்தத் தொழிற்சாலையில வாட்ச்மேனா இருந்தாரு. உங்களுக்குத் தெரியாதா?"

பேக்கரிக்காரிக்குத் தெரியாது.

"கேட்ல பையைச் சோதிக்கிறது அவரு வேலை. உங்காளு தினம் சாப்பாட்டு டப்பாவோட வெளிய வருவாராம். 'என்ன தம்பி, வீட்டம்மா சமையல் மிச்சம் வச்சிட்டியா'ன்னு இவரு கேப்பாராம். அவரு சிரிச்சுட்டுப் போவாராம். ஒரு நாளும் இவரு திறந்து பாக்கல. விஷயம் வெளிய வந்ததும் கம்பெனிக்காரன் என்ன சொல்லியிருப்பான்? வாட்ச்மேனுக்குத் தெரியாம எப்படி, அவனுக்கும் பங்கு இருக்கும்னு. கேஸ் போடல, சாட்சி இல்ல. வேலையை விட்டு மட்டும் நிறுத்திட்டான். இப்ப ஒரு பார்க்கிங்ல வெயில்ல நின்னு டோக்கன் கிழிக்கிறாரு. அது பரவாயில்ல. என் பையனை ஸ்கூல்ல 'பங்கு வாட்ச்மேன் மகன்'னு கூப்பிடறானுங்க. உங்க வீட்டுக்காரர் வந்தா நாங்க எந்த முகத்தோட வர்றது? ரெண்டு பேரும் ஒரே இடத்துல நின்னா, பாரு கூட்டாளிங்க சேந்துட்டாங்கன்னு சொல்ல மாட்டாங்களா?"

உள்ளே அடுப்பிலிருந்து கருகல் வாசனை வந்தது. பேக்கரிக்காரி ஓடிப்போய்த் தட்டை இழுத்தாள். அடியெல்லாம் கரி. முதலாளி வந்தால் கத்துவார். அவள் அதைப் பார்த்தபடியே நின்றாள்.

"நாங்க வராம இருக்கணும்னு சொல்றீங்களா?" என்றாள் திரும்பாமல்.

"அவரு மட்டும். உங்களையும் பிள்ளையையும் சொல்லல."

"நீங்க சொல்றது நியாயம். உங்க கோவம் நியாயம். ஆனா அவரு வருவாரு." திரும்பினாள். "நீங்களும் வரணும். உங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க. அவருக்கு என்ன கேக்கணுமோ, அத்தனை பேர் முன்னாடி கேக்கச் சொல்லுங்க. நான் பக்கத்துல நிப்பேன். குறுக்க வரமாட்டேன். திட்டினாலும் சரி, அடிச்சாலும் சரி. இவரு வீட்டுக்குள்ள ஒளிஞ்சுகிட்டு, உங்களவரு வெயில்ல தலை குனிஞ்சுகிட்டு நிக்கறதுதான் எனக்குப் பிடிக்கல."

"அவரு வரமாட்டாரு. மானஸ்தரு."

"மானஸ்தர்னா வரட்டுமே. மானம் போனவங்க நாங்களே வர்றோம்."

அந்தப் பெண் ஒன்றும் வாங்காமல் போனாள்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள். "வாட்ச்மேனுக்கு வேலை போச்சுன்னு உனக்குத் தெரியுமா?"

அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான். "உள்ள இருக்கும்போது ஒருத்தன் சொன்னான்."

"அவருக்குப் பங்கு குடுத்தியா?"

"சேச்சே! அவருக்கு ஒண்ணும் தெரியாது. அவரு என்னைத் தம்பின்னு கூப்பிடுவாரு. டப்பாவைத் திறன்னு ஒரு நாள் சொல்லியிருந்தா அன்னைக்கே மாட்டியிருப்பேன்."

"அவரு மேல பழியப் போடறியா?"

"இல்ல. அவரு என்னை நம்பினாருன்னு சொல்றேன்."

"இதைக் கோர்ட்ல சொன்னியா?"

"யாரும் கேக்கல."

"கேக்கலன்னா? உனக்கு வாய் இல்லையா? எல்லாரும் எடுத்தாங்கன்னு சொல்லத் தெரிஞ்ச வாய்க்கு, இவரு எடுக்கலன்னு சொல்லத் தெரியலையா?"

அவள் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. மாவு காய்ந்து வெடித்த விரல் இடுக்குகளை உரசிக்கொண்டே இருந்தாள். கடைசியில் அவன்தான் பேசினான். "இப்ப நான் எப்படி வர்றது? அவரு மூஞ்சியில எப்படி முழிக்கிறது?"

"இப்பதான் கண்டிப்பா வரணும். நேத்து எனக்காகக் கூப்பிட்டேன். இனிமே அது உன் வேலை."

சனிக்கிழமை முழுக்க மழை. ஞாயிறு காலையில் விட்டது. மைதானம் சேறும் குட்டையுமாகக் கிடந்தது. பணிமனை ஆட்கள் சிலர் மரத்தூள் மூட்டைகளைத் தூக்கிவந்து கொட்டினார்கள். பேங்க்காரர் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டுக்கொண்டு பந்தல் துணியை இழுத்தார். காற்று அதைப் பாய்மரம் மாதிரி உப்ப வைத்து, அவரையும் சேர்த்துத் தூக்கப் பார்த்தது. பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் விழா அப்போதே தொடங்கிவிட்டது.

மூன்று பேரும் வந்தார்கள். முன்னால் மகள், தலையில் காகிதத் தட்டுக் கட்டு. அடுத்து பேக்கரிக்காரி, இரண்டு கையிலும் கூடை. கடைசியில் வயர்மேன், தேய்த்த சட்டையோடு, மடக்கு மேஜையைத் தோளில் வைத்துக்கொண்டு. மேஜை முகத்தை மறைத்தது. அதற்காகத்தான் அப்படித் தூக்கினானோ என்னவோ. கேட்டில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். கைப்பைகள் தோளிலிருந்து நெஞ்சுக்கு வந்தன. பேக்கரிக்காரி அதைப் பார்த்தாள். "பையைக் கெட்டியாப் பிடிச்சுக்கோங்கம்மா, காத்து ஜாஸ்தியா இருக்கு" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

விடிவதற்கு முன்னால் பேக்கரியில் சுட்டு எடுத்தவை எல்லாம் இன்னும் சூடு ஆறாமல் இருந்தன. வெண்ணெய் பன், ஜாம் பன், உள்ளே முட்டை வைத்தது, நீள ரொட்டித் துண்டு. துணியை விலக்கியதும் வாசனை மைதானம் முழுக்கப் போனது. ரப்பர் நாற்றமும் டீசலும் அன்று ஒரு மணி நேரம் தோற்றுப்போயின. மேஜையின் ஒரு முனையில் அவள் நின்றாள். மறுமுனையில் அவனை நிறுத்தினாள். இருவருக்கும் ஆளுக்கு ஒரு தட்டு.

கூட்டம் வந்தது. வந்த கூட்டமெல்லாம் அவள் பக்கம்தான் நின்றது. வரிசை வளைந்து தண்ணீர் ட்ரம் வரை போனது. அவன் பக்கம் ஒரு ஈகூட இல்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பன்களைப் பார்த்தபடி நின்றான். ஒரு குழந்தை அவன் பக்கம் போகப் பார்த்தது. அம்மா சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து வரிசையில் சேர்த்தாள்.

பேக்கரிக்காரி கொஞ்ச நேரம் பொறுத்தாள். பிறகு தன் தட்டிலிருந்த அத்தனையையும் அள்ளி அவன் பக்கக் கூடையில் கொட்டினாள். காலித் தட்டைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டாள்.

"இந்தப் பக்கம் தீந்துபோச்சு. பன் வேணும்னா அங்க போங்க."

வரிசை அப்படியே நின்றது.

"இப்பதானே அக்கா அள்ளிக் கொட்டினீங்க?" என்றார் பேங்க்காரர், வரிசையின் முதல் ஆள்.

"ஆமா. கண்ணு நல்லாத் தெரியுதே உங்களுக்கு. அங்க இருக்கிறதும் தெரியுமே."

அவர் ஒரு நொடி தயங்கினார். பசி ஒரு பக்கம், பிள்ளை கையைப் பிடித்து இழுப்பது ஒரு பக்கம். சேறு தெறித்த காலோடு நகர்ந்து, "ரெண்டு முட்டை பன்" என்றார் வயர்மேனிடம். வயர்மேன் காகிதத்தில் வைத்துக் கொடுத்தான். "பாத்து சார், சூடு" என்றான். அதுதான் அன்று அவன் பேசிய முதல் வார்த்தை. பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். சிலர் முணுமுணுத்தார்கள். இரண்டு பேர் சாப்பிடாமலேயே போனார்கள். மற்றவர்களின் வாயில் பன் இருந்ததால் பேச்சு குறைந்தது.

டாக்டரம்மா மைக்கைப் பிடித்துக்கொண்டு அடுத்த விளையாட்டை அறிவித்துக்கொண்டிருந்தபோது, கேட்டில் வாட்ச்மேன் தெரிந்தார். நல்ல உயரம். வேலை போனாலும் நிமிர்ந்து நிற்கிற பழக்கம் போகவில்லை. ஒரு பக்கம் மனைவி, மறுபக்கம் பையன். நேராகக் கடைக்கு வந்தார். வரிசை தானாக விலகியது.

"தம்பி" என்றார்.

வயர்மேன் கையிலிருந்த பன்னை வைத்துவிட்டு மேஜைக்கு முன்னால் வந்து நின்றான். பேக்கரிக்காரி சொன்னபடி பக்கத்தில் வந்து நின்றாள். குறுக்கே வரவில்லை.

"டப்பாவுல என்னன்னு கேட்டேன். என்ன சொன்னே?"

"சோறு மிச்சம்னு சொன்னேன்."

"நான் திறந்து பாத்தேனா?"

"இல்லண்ணே."

"ஏன்?"

"என்னை நம்பினீங்க."

"எனக்கு எவ்வளவு பங்கு குடுத்தே?"

"ஒண்ணும் குடுக்கல. உங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"கேக்கல."

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே."

"எனக்குக் கேக்குது. அவங்களுக்குக் கேக்கல." வாட்ச்மேன் கையை விரித்து மைதானத்தைக் காட்டினார். அப்போதுதான் அவர் குரல் உடைந்தது. "என் பையன் கூடப் படிக்கிற பசங்களுக்குக் கேக்கல."

பேக்கரிக்காரி அதற்குள் நடந்துவிட்டாள். டாக்டரம்மாவிடம் போய் மைக்கில் கை வைத்தாள்.

"குடுங்க."

"அக்கா, வேணாம். இது குழந்தைங்க நிகழ்ச்சி. பெரியவங்க சண்டையை இங்க..."

"குழந்தைங்கதான் அந்தப் பையனைப் பேர் வச்சுக் கூப்பிடுது. அதுங்களுக்குத்தான் முதல்ல தெரியணும்."

"ப்ளீஸ் அக்கா. நானே அப்புறம் சொல்லி..."

"இதுல மரத்துப்போற ஊசி கிடையாது டாக்டரம்மா. விடுங்க."

டாக்டரம்மா விடவில்லை. இருவரும் இழுத்த இழுப்பில் வயர் எங்கோ பிடுங்கிக்கொண்டது. ஒலிபெருக்கி செத்துப்போனது. மைதானமே திரும்பிப் பார்த்தது. வயர்மேன் வந்தான். யாரும் சொல்லவில்லை. கை பழக்கம், மேஜைக்கு அடியில் குனிந்து, கழன்ற வயரைத் தேடிப் பிடித்துச் செருகினான். கிர்ரென்று உயிர் வந்தது. நிமிர்ந்தபோது மைக் அவன் முகத்துக்கு நேராக இருந்தது. டாக்டரம்மாதான் நீட்டிக்கொண்டிருந்தாள்.

"நான்..." என்றான். தன் குரல் நாலா பக்கமும் கேட்டதும் பயந்துபோய் நிறுத்தினான். மறுபடி ஆரம்பித்தான். "நான் தொழிற்சாலையில கேபிள் திருடினேன். ஜெயிலுக்குப் போயிட்டு வந்திருக்கேன். அது எல்லாருக்கும் தெரியும். தெரியாத ஒண்ணு இருக்கு. வாட்ச்மேன் அண்ணனுக்கு இதுல பங்கு இல்ல. அவருகிட்ட நான் பொய் சொன்னேன். அவரு வேலை போனது என்னாலதான். கோர்ட்லயே சொல்லியிருக்கணும். சொல்லல. பயந்துட்டேன். அவரு பையனை யாரும் அப்படிக் கூப்பிடாதீங்க. கூப்பிடணும்னா..." தேடிப் பார்த்தான். வேறு ஒன்றும் கிடைக்கவில்லை. "கூப்பிடாதீங்க" என்றான்.

யாரும் கைதட்டவில்லை. ஒரு கைக்குழந்தை அழுதது. வாட்ச்மேனின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வாட்ச்மேன் அவனை மன்னித்ததாகச் சொல்லவில்லை. "இதை எழுதியும் குடுக்கணும், கம்பெனிக்கு" என்றார். "நாளைக்கே தர்றேன்" என்றான். "நாளைக்கு நான் வந்து நிப்பேன்" என்றார். பேக்கரிக்காரி ஒரு முட்டை பன்னை நீட்டினாள். "இப்ப வேணாம்மா" என்று கையைத் தள்ளினார். அவர் பையன் மட்டும் வாங்கிக்கொண்டான்.

டாக்டரம்மா மைக்கை அணைத்துவிட்டு, பேக்கரிக்காரியிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "அடுத்த வருஷம் சாப்பாட்டுக் கடையை யாருகிட்ட குடுக்கறதுன்னு குழு முடிவு பண்ணும்."

"பண்ணட்டும். நானும் குழுவுலதானே இருக்கேன்? வந்து கையைத் தூக்குவேன்."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு போய் அடுத்ததை அறிவித்தாள். அப்பாக்களின் கயிறு இழுக்கும் போட்டி.

பணிமனை ஆட்கள் பெரிய கயிற்றைக் கொண்டுவந்து போட்டார்கள். மூன்றாம் வகுப்பு அப்பாக்கள் ஒரு பக்கம், நான்காம் வகுப்பு மறுபக்கம். நான்காம் வகுப்பின் முதல் ஆளாக வாட்ச்மேன் போய் நின்றார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். பேக்கரிக்காரியின் மகள் படிக்கிற மூன்றாம் வகுப்பு வரிசையில் ஓர் ஆள் குறைந்தது. யாரும் வாய் திறந்து கூப்பிடவில்லை. பேங்க்காரர்தான் கயிற்றைப் பிடித்தபடி கொஞ்சம் நகர்ந்து தனக்கு முன்னால் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டார். பேக்கரிக்காரி புருஷனின் முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

விசில் ஊதினார்கள். வாட்ச்மேன் கயிற்றை மட்டும் இழுக்கவில்லை. வெயிலில் நின்று கிழித்த டோக்கனையெல்லாம் சேர்த்து இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. நேருக்கு நேர் நின்ற வயர்மேனின் கண்ணைவிட்டு அவர் கண் நகரவில்லை. வயர்மேனும் பார்வையை விலக்கவில்லை. குதிகாலைச் சேற்றில் ஊன்றி, முடிந்தவரை பிடித்தான். அப்புறம் கால் வழுக்கியது. மூன்றாம் வகுப்பே சரிந்தது. முதல் ஆளாக இருந்த அவன் குப்புற விழுந்து, தேய்த்த சட்டையோடு கோடு தாண்டி வாட்ச்மேனின் காலடி வரை இழுபட்டுப் போனான்.

மைதானம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. சிரிக்கலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. முதலில் சிரித்தவள் பேக்கரிக்காரிதான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, பணிமனைச் சுவரைத் தாண்டிக் கேட்கிற சிரிப்பு. அடுத்து அவள் மகள். அதற்கப்புறம் யாரைத் தடுப்பது?

வயர்மேன் சேறு வழிய முகத்தைத் தூக்கினான். வாட்ச்மேன் மூச்சிரைத்துக்கொண்டு அவனைக் குனிந்து பார்த்தார். கை கொடுக்கவில்லை. கயிற்றையும் கீழே போடவில்லை.

"ரெண்டாவது ரவுண்டு இருக்கு" என்றார்.

"எந்திரி!" என்று கத்தினாள் பேக்கரிக்காரி. "எந்திரிச்சுப் பிடி! எல்லாரும் பாத்துக்கிட்டுதான் இருக்காங்க, நல்லாப் பாக்கட்டும்!"

அவன் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்தான். சட்டையும் சேறுதான். எழுந்து போய்க் கயிற்றைப் பிடித்தான்.